அட்சய திருதியையும் ஆகார தானமும்

(பசித்தோர்க்கு உணவளிக்க நிதி திரட்ட முனைந்துள்ள இளைஞர் குழுவினர், ஜினாலய வளாகத்தில் கூட்டிய கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

வரும் அட்சய திருதியை நாளன்று ஒரு விழா நடத்தி, அதில் திரளும் பணத்தைப் பசித்தோர்க்கு உணவளிக்கப் பயன்படுத்துவது என்று இவ்வூர் இளைஞர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். முடிவு நல்லது என்பதில் யாருக்கும் மாறுபாடு இல்லை. ஆயினும் ஊர்ப் பெரியவர்கள் சிலர் இரண்டு கேள்விகளை எழுப்பியுள்ளனர். முனிவர்க்கும் ஆரியாங்கனையர்க்கும் விதிப்படி அளிப்பதுதானே ஆகார தானம், தெருவில் போவோர்க்குச் சோறு போடுவதை அப்பெயரால் அழைக்கலாமா என்பது ஒன்று. அட்சய திருதியையில் அவரவர் குடும்பத்தோடு நகைக்கடைக்குச் செல்லும்போது, இவ்விழாவுக்கு யார் வருவார்கள் என்பது மற்றொன்று. முதற் கேள்வி நூலறிவால் எழுந்தது. இரண்டாவது உலகியல் அறிவால் எழுந்தது. இரண்டும் மறுமொழி பெற வேண்டியவையே.

இரண்டாவதிலிருந்தே தொடங்கலாம். சித்திரையோ வைகாசியோ, வளர்பிறை மூன்றாம் நாள் வந்துவிட்டால் செய்தித்தாளின் முதற்பக்கம் முழுவதும் பொன் விளம்பரம். விடியற்காலையிலேயே கடை திறக்கிறார்கள். ஒரு கிராம் ஆயினும் வாங்கினால் ஆண்டு முழுவதும் செல்வம் பெருகும் என்கிறார்கள். பெருகுவது எவருடைய செல்வம் என்பதைக் கடைக்காரர்கள் நன்கு அறிவார்கள். தமிழ்ச் சமணக் குடும்பங்களும் அவ்வரிசையில் நிற்பதைக் காணும்போது வருத்தம் உண்டாகிறது. ஏனெனில் சமணர்க்கு அந்நாள் பொன்னோடு தொடர்புடையதன்று. அது உணவின் நாள்; அதிலும், பொன்னைக் கொடுத்தபோது ஏற்காதவர் கரும்புச்சாற்றை ஏற்ற நாள்.

ஆதிபுராணமும் ஸ்ரீபுராணமும் அறிந்த பெரியவர்களுக்கு இவ்வரலாறு புதிதன்று. ஆயினும் இளையோர் பொருட்டு அதைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். ஆதிநாதராகிய விருஷப தேவர் அரசு துறந்தபோது அவரோடு நாலாயிரம் அரசர்களும் துறந்தனர். தேவர் ஆறு திங்கள் உண்ணா நோன்பு பூண்டு அசையாது நின்றார். உடன் துறந்த அரசர்களோ, தலைவர் மீதுள்ள பற்றினால் துறந்தவர்களேயன்றித் துறவின் இயல்பை அறிந்தவர்கள் அல்லர். சில நாட்களிலேயே பசியும் நீர்வேட்கையும் அவர்களை வாட்டின. ஊருக்குத் திரும்பினால் பரதன் சினப்பான் என்னும் அச்சம் ஒருபுறம். நின்று தாங்க வலிமையில்லாமை மறுபுறம். காட்டிலுள்ள காயையும் கிழங்கையும் தின்று, மரவுரி உடுத்தி, கொண்ட நெறியைக் கைவிட்டனர். படை நடத்தியவர்களும் நாடாண்டவர்களும் ஆகிய நாலாயிரவரைப் பகைவர் வாள் வீழ்த்தவில்லை, பசி வீழ்த்தியது. பசித்தவன் ஒழுக்கத்தில் தவறினான் என்று இகழ்வதற்கு முன் இந்நாலாயிரவரை எண்ணிப் பார்ப்பது தகும்.

நோன்பு முடிந்து தேவர் உணவு ஏற்கப் புறப்பட்டார். ஊர்தோறும் மக்கள் ஓடி வந்தனர். அவர்கள் அன்பில் குறையில்லை. யானையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். குதிரையையும் தேரையும் கொடுத்தார்கள். மணியும் முத்தும் ஆடையும் அணியும் குவித்தார்கள். தம் மகளிரையே மணம் செய்து தர முன்வந்தவர்களும் உண்டு. தேவர் எதையும் ஏற்காமல், ஒரு சொல்லும் சொல்லாமல் கடந்து போனார். தாம் என்ன பிழை செய்தோம் என்று அறியாமல் மக்கள் கலங்கினர். அவர்கள் செய்த பிழை ஒன்றே: வந்தவர்க்கு என்ன வேண்டும் என்று எண்ணாமல், தமக்கு எது உயர்ந்ததோ அதைக் கொடுத்தார்கள். உலகில் அதுவரை ஒரு துறவிக்கு உணவளித்தவர் எவரும் இல்லையாதலால் அம்முறையைக் கற்பிக்கவும் ஆள் இல்லை. இவ்வாறு நோன்பும் நடையுமாக ஏறத்தாழ ஓராண்டு கழிந்தது. ஒரு நாடு முழுவதும் கைநிறையப் பொருளோடு நிற்க, நடுவே ஒருவர் பசியோடு நடந்து சென்றார்.

அத்தினாபுரத்தில் அப்போது சோமப்பிரபன் அரசன். சிரேயாம்சன் அவன் தம்பி. தேவர் வீதியில் வருவதைக் கண்டவுடன் சிரேயாம்சனுக்குப் பழம்பிறப்பு நினைவுக்கு வந்தது. முன்னொரு பிறவியில் வச்சிரசங்கன் என்னும் அரசனின் மனைவி ஸ்ரீமதியாக இருந்தபோது, கணவனோடு சேர்ந்து முனிவர் இருவருக்கு உணவளித்ததை அவன் உணர்ந்தான். எப்படி எதிர்கொள்வது, எப்படி வணங்குவது, எதை அளிப்பது என்பதெல்லாம் அந்நினைவோடு வந்தன. கரும்புச்சாறு நிறைந்த குடங்கள் அங்கிருந்தன. தேவர் தம் இரு கைகளையே கலமாகக் குவித்து ஏந்த, சிரேயாம்சன் அச்சாற்றை வார்த்தான். அதுவே இக்காலச் சுழற்சியின் முதல் ஆகார தானம். தேவரின் முதல் பாரணை. அன்று அவ்வட்டில் உணவு குறையாததாயிற்று என்பதனால் அந்நாள் அட்சயம் எனப் பெயர் பெற்றது என்பர். பரதச் சக்கரவர்த்தியே வந்து சிரேயாம்சனைப் பாராட்டினான். தானம் என்னும் தீர்த்தத்தைத் தொடங்கியவன் என்னும் புகழ் அரியணையில் இருந்த அண்ணனுக்கு வாய்க்காமல் தம்பிக்கு வாய்த்தது என்பதை இளைஞர்கள் குறித்துக்கொள்ளலாம்.

இனி முதற் கேள்வி. முனிவர்க்கு அளிப்பதே பாத்திர தானம் என்பதும், அதற்குரிய விதிகள் தனி என்பதும் மறுக்க முடியாதவை. ஆனால் அதே மகாபுராணத்தில் ஆசாரியர் ஜினசேனர், இல்லறத்தான் ஈயும் ஈகையை நான்காக வகுக்கும்போது தயாதத்தியை முதலில் வைத்துவிட்டுத்தான் பாத்திரதத்திக்கு வருகிறார். அச்சத்திலும் துன்பத்திலும் உள்ள உயிர்க்கு இரக்கத்தால் அளிப்பது தயாதத்தி. அதற்குக் குலம் கேட்க வேண்டியதில்லை, சமயம் கேட்க வேண்டியதில்லை. ஆகவே இளைஞர்கள் செய்யப் புகுந்ததைப் பாத்திர தானம் என்று சொல்ல வேண்டா. தயையால் அளிக்கும் ஆகாரம் என்று சொல்லட்டும். பெயர் வேறாயினும் கடமை கடமையே. திருக்குறளின் ஈகை அதிகாரம் இதற்கும் மேலே செல்கிறது. பசியைப் பொறுத்து நோற்பவரின் ஆற்றல் பெரிது; அதைவிடப் பெரிது பிறர் பசியை நீக்குபவரின் ஆற்றல் என்கிறது. நோன்பையே உயிராகக் கொண்ட சமயத்தவர் இக்கருத்தைக் கேட்டுச் சற்று நின்று சிந்திக்க வேண்டியிருக்கிறது. அட்டமியும் சதுர்த்தசியும் தவறாமல் நோற்கும் வீடுகள் இச்சமூகத்தில் பல உண்டு. அன்று உண்ணாமல் மிஞ்சிய அரிசி எங்கே போகிறது? பெரும்பாலும் மறுநாளைய உலைக்கே போகிறது.

இளையோர் கூடி, வழிபாட்டு இடத்தின் வாசலில் நின்று, பசித்தோர்க்காகக் கையேந்திய நிகழ்ச்சி ஒன்று அண்மைக் காலத்தில் வேறொரு நாட்டில், வேறொரு சமயத்தாரிடையே நடந்தது. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் கொலம்பியா என்றொரு நகரம். அங்கே ஸ்பிரிங் வேலி பிரஸ்பிட்டேரியன் திருச்சபையைச் சேர்ந்த இளைஞர் குழுவில் 1990ஆம் ஆண்டு இது தொடங்கிற்று. அந்நாட்டில் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு ஞாயிறன்று அமெரிக்கக் காற்பந்தாட்டத்தின் இறுதிப் போட்டி நடைபெறும். காற்பந்து என்று பெயரே தவிர, பெரும்பாலும் கையில் பந்தை ஏந்தி ஓடுகிற ஆட்டம் அது. சூப்பர் பவுல் என்பது அப்போட்டியின் பெயர்; பவுல் என்றால் கிண்ணம். அன்று வீடுதோறும் நண்பர்கள் கூடித் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து ஆட்டம் முடியும் வரை உண்டுகொண்டே இருப்பார்கள். நாடு மிகுதியாக உண்ணும் நாட்களில் அதுவும் ஒன்று.

அத்திருச்சபையில் இறையியல் மாணவராகப் பயிற்சி பெற்றுவந்த பிராட் ஸ்மித் என்பவர், ஆட்டத்தை மகிழ்ந்து காணும் இந்நாளிலும் ஒரு கிண்ணம் சூப்புக்கு வழியில்லாதவர்களை மறவாதிருக்க வேண்டும் என்னும் பொருள்பட ஒரு வேண்டுதல் செய்தார். அதைக் கேட்ட இளைஞர்கள் அத்தோடு விடவில்லை. சூப்பர் பவுல் என்பதில் ‘சூப்’ இருக்கிறதே என்று அவர்களுக்குத் தோன்றிற்று. அச்சொல்லைச் சற்றே மாற்றிச் ‘சூப் கிண்ண’ நாளாக ஆக்கினார்கள். போட்டி நாளன்று காலை வழிபாடு முடிந்து மக்கள் வெளியே வரும் வாசலில், சூப் காய்ச்சும் பெரிய பானைகளோடு நின்றார்கள். ஒருவர்க்கு ஒரு டாலர் போதும் என்று கேட்டார்கள். பானைகளில் சூப் இல்லை, காசு மட்டுமே என்பதால் இங்குள்ளோர் அச்சமின்றி அவற்றைப் பின்பற்றலாம்!

தம் ஆலயத்தோடு நிற்காமல் அந்நகரச் சுற்றுப்புறத்து ஆலயங்களையும் அவ்விளைஞர்கள் சேர்த்துக்கொண்டனர். முதலாண்டில் 22 ஆலயங்கள் சேர்ந்து திரட்டியது 5,700 டாலர். வகுத்துப் பார்த்தால் ஓர் ஆலயத்துக்கு ஏறக்குறைய 259 டாலர்தான். எந்த ஊர் அறக்கட்டளையும் இத்தொகையைக் கண்டு வியக்காது. ஆனால் அம்முயற்சி அடுத்தடுத்த ஆண்டுகளில் மாநிலம் தாண்டி நாடெங்கும் பரவியது. ஆலயங்களோடு பள்ளிகளும் சேர்ந்தன. தொடக்கம் முதல் இதுவரை அவ்வழியில் சேர்ந்த பணமும் உணவுப் பொருளும் பத்துக் கோடி டாலர் மதிப்பைக் கடந்துவிட்டன.

அது பரவியதற்குக் காரணம் பணத்தை நடத்திய முறை. திரட்டிய பணத்தில் ஒரு காசும் நடுவில் உள்ள தலைமை இடத்துக்குப் போகாது. எந்த ஊரில் திரண்டதோ அவ்வூரார் தாமே தேர்ந்தெடுக்கும் உணவு நிலையத்துக்கு முழுத் தொகையையும் நேரே அளித்துவிடுவார்கள். எவ்வளவு திரண்டது என்னும் கணக்கை மட்டும் தலைமைக்குத் தெரிவிப்பார்கள். தன் டாலர் எந்தத் தெருவில் எந்த அடுப்பில் சோறாகிறது என்பது கொடுத்தவர்க்குத் தெரியும். கேட்ட தொகையும் சிறிது. மறுப்பதற்கு வெட்கப்பட வேண்டிய அளவு சிறிது. மேலும், நாடு முழுவதும் உண்ணும் நாளையே பசியை நினைக்கும் நாளாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். விருந்து நாளை அவர்கள் பசித்தோர் பக்கம் திருப்பியிருக்க, உணவளித்த நாளைக் கையில் வைத்திருந்த சமூகம் அதைப் பொன் வாங்கும் நாளாக விட்டுக்கொடுத்திருக்கிறது.

சிறு தொகை என்பதைக் கேட்டு இளைஞர்கள் சோர்ந்துபோக வேண்டா. சமண நெறியில் புறத்தவம் ஆறு. அவற்றுள் முதலாவது உண்ணாமை, இரண்டாவது குறைத்து உண்ணலாகிய அவமோதரியம். ஆண்மகனுக்கு நிறைந்த உணவு 32 கவளம், பெண்ணுக்கு 28 கவளம் என்று முன்னோர் அளவிட்டனர். அதில் ஒரே ஒரு கவளம் குறைத்தாலும் அது தவம் என்றனர். உண்ணா நோன்பு எல்லார்க்கும் இயலாது. நோயாளிக்கும் முதியவர்க்கும் குழந்தைக்கும் கூடாது. ஒரு கவளம் குறைப்பது யார்க்கும் இயலும். குறைத்த கவளம் வேறொருவர் இலைக்குப் போய்ச் சேர்ந்தால் ஒரே செயல் தவமும் ஆகிறது, தானமும் ஆகிறது. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் இடும் பிடியரிசி வழக்கம் தமிழ் வீடுகளில் இருந்ததே. இன்று அரிசி வேகும்போது குக்கர் கூவுகிறது. பக்கத்தில் பிடியரிசிப் பானையைக் காணோம். இக்குழுவினர் வீட்டுக்கொரு பானை கொடுத்து, திருதியைக்கு முந்திய நாற்பத்தெட்டு நாட்கள் அதை நிரப்பச் சொல்லலாம். நெல் விளைவித்தே வாழ்ந்த குடிகள் பலவற்றை உடைய சமூகத்துக்கு இதைக் கற்பிக்க வேண்டியதில்லை, நினைவூட்டினால் போதும்.

திரட்டுவது பாதி வேலை. கொடுப்பது மறுபாதி, கடினமான பாதியும் அதுவே. விதி, பொருள், கொடுப்பவர், பெறுபவர் ஆகிய நான்கின் வேறுபாட்டால் தானத்தின் பயன் வேறுபடும் என்று தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் உரைக்கிறது. இந்நான்கில் விதி என்பதற்கு, அதாவது கொடுக்கும் முறைக்கு, கச்சு நாட்டுப் பத்திரேசுவரத்தில் வாழ்ந்த சகடூ என்னும் சைன வணிகரின் வரலாறே தக்க சான்று. 13ஆம் நூற்றாண்டின் நடுவில் வடமேற்கு நாடுகளைப் பெரும் பஞ்சம் வாட்டிற்று. பஞ்சம் வரப்போவதைத் துறவி ஒருவர் வாயிலாக முன்னறிந்த சகடூ, களஞ்சியங்களை நிரப்பி வைத்தார். அக்களஞ்சியங்களில் தானியம் இருப்பதைக் கேள்வியுற்ற குசராத்து மன்னன் அவரை அழைத்துக் கேட்டபோது, அத்தானியம் தம்முடையதன்று என்றார் அவர். திறந்து பார்த்தால் உள்ளே செப்பேடு இருந்தது. ஏழைகளுக்காகச் சகடூ சேர்த்து வைத்தது என்று அதில் எழுதப்பட்டிருந்தது. சர்வானந்தர் வடமொழியில் இயற்றிய சகடூ சரிதம் இதைக் கூறுகிறது.

அச்சரிதத்திலேயே இதைவிட நுட்பமான செய்தி ஒன்றுண்டு. பஞ்சத்தில் வரிசையில் வந்து நின்று கையேந்துவோர் ஒருவகை. நேற்று வரை தாமே பிறர்க்கு ஈந்து வாழ்ந்து, இன்று வெளியே வர வெட்கி வீட்டுக்குள்ளேயே வாடுவோர் மற்றொரு வகை. பின்னவர்க்காகச் சகடூ இனிப்பு உருண்டைகளைச் செய்து, உள்ளே பொற்காசை மறைத்து, இரவில் அவர்கள் வீடு சேரச் செய்தார். ‘வெட்க உருண்டை’ என்னும் பொருள் தரும் லஜ்ஜா பிண்டம் என்பது அவற்றின் பெயர். பெற்றவர் வெட்கத்தையும் சேர்த்து மறைத்த உருண்டை அது.

இன்று ஐந்து கிலோ அரிசிப் பையைக் கொடுப்பதற்குப் பத்துப் பேர் நிற்கிறார்கள். ஒவ்வொருவர் கையும் பையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. வாங்குகிற மூதாட்டி கைப்பேசியைப் பார்க்கும்படி சொல்லப்படுகிறாள். அடுத்த நிமிடம் அப்படம் நூறு குழுக்களுக்குப் போய்விடுகிறது. வெளியூரில் வேலை பார்க்கும் அவள் பேரனுடைய கைப்பேசிக்கும் போகலாம் என்பதை எவரும் எண்ணுவதில்லை. கணக்குக் காட்டப் படம் வேண்டும் என்பார்கள். அரிசி வாங்கிய கடைச்சீட்டைப் படமெடுத்துக் காட்டலாமே. கொடுப்பவர் படம் வேண்டுமானாலும் போடட்டும், அதில் தீங்கு சிறிது. பெறுபவர் முகம் எந்தப் படத்திலும் வருதல் கூடாது. இக்குழு வேறெந்த விதியை வகுத்துக்கொண்டாலும் வகுத்துக்கொள்ளாவிட்டாலும் இதை எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

யானையும் தேரும் கொடுத்து ஏமாந்த மக்களைப் போல் ஆகாதிருக்க, இவ்வட்டாரத்துப் பசி எங்கே இருக்கிறது என்று முதலில் தேடிக் காண வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் என்றுதான் உடனே மனத்தில் தோன்றும். ஆனால் தமிழ்நாட்டில் அப்பணி நூறாண்டுகளாக நடந்துவருகிறது. 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் முளைத்த மதிய உணவு, 1956இல் காமராசரால் மாநிலத்துக்கு விரிந்து, 1982இல் எம்.ஜி.ஆரால் சத்துணவாயிற்று. காலை வழிபாட்டில் பிள்ளைகள் மயங்கி விழுவதைக் கண்ட ஆசிரியர்கள் நெடுங்காலம் உண்டு. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அதற்கும் தொடக்கப் பள்ளியில் வழி செய்தது. நியாயவிலைக் கடையில் அரிசி கிடைக்கிறது. எனில் பசி எங்கே? அரிசி இருந்தும் உலை வைக்கக் கை நடுங்கும் தனித்த முதியவர் வீட்டில் இருக்கிறது. குடும்ப அட்டை இல்லாமல் வடநாட்டிலிருந்து வந்து செங்கற்சூளையிலும் கட்டட வேலையிலும் இருப்போரிடம் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் உள்ளிருக்கும் நோயாளிக்கு உணவு வருகிறது. வெளியே தாழ்வாரத்தில் படுத்திருக்கும் துணையாளுக்கு வருவதில்லை. முதியவர்க்கு வேண்டியது அரிசி மூட்டையன்று, சமைத்த உணவும் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஆளும். துணையாளுக்கு வேண்டியது பகலில் ஒரு பொட்டலம். சூளைத் தொழிலாளிக்குச் சமைத்த சோற்றைவிடக் கோதுமை மாவும் பருப்பும் உதவும். ஒரு வாரம் நால்வர் நடந்து விசாரித்தால் பட்டியல் கைக்கு வரும். சமூகத்துக்குள்ளேயே வெட்க உருண்டைக்கு உரியவர் ஓரிருவர் இருத்தலும் கூடும். அப்பெயர்களைப் பட்டியலில் எழுத வேண்டா. பெரியவர் ஒருவர் மனத்தில் இருந்தால் போதும்.

விழாவைப் பற்றியும் ஒரு சொல். இன்னிசைக் கச்சேரி வைத்துச் சீட்டு விற்கலாம் என்று குழுவில் சிலர் கருதுவதாகத் தெரிகிறது. பந்தல், ஒலிபெருக்கி, மின்விளக்கு, பாடகர் வழிச்செலவு, பொன்னாடை, நினைவுப் பரிசு என்று போனபின் எஞ்சுவதைக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது. பசித்தோர் பெயரால் திரளும் பணத்தில் பொன்னாடை வாங்குவது எவ்வகையிலும் பொருந்தாது. அதைவிட எளிய வழி ஒன்றுண்டு. திருதியையன்று காலை ஆதிநாதர் திருமஞ்சனமும் பூசையும் முடிந்து மக்கள் வெளியே வரும் நேரம். வாசலின் இருபுறமும் இளைஞர்கள் பித்தளைப் பானையோடு நிற்கட்டும். பெரியவர்கள் வீட்டிலிருந்து நிரப்பிவந்த பிடியரிசியை ஒரு பானையில் கொட்டட்டும், மற்றொன்றில் காசு. தலைக்கு ஒரு வேளை உணவின் விலை, அதற்குமேல் கேட்க வேண்டா. பொன் வாங்கியே தீர வேண்டும் என்போரைத் தடுக்கவும் வேண்டா. கடைக்குப் போகும் வழியில் வாசலைக் கடந்துதானே போக வேண்டும். வருவோர்க்கெல்லாம் ஒரு குவளை கரும்புச்சாறு கொடுக்கலாம். அச்செலவைக் குழுவினர் தம் கையிலிருந்து ஏற்பார்களானால் மிகச் சிறப்பு.

நண்பகலுக்குப் பின் எண்ணத் தொடங்கி, அரிசியை அளந்து, தொகையைக் கூட்டி, இருவர் கையொப்பத்தோடு கணக்கை ஜினாலய அறிவிப்புப் பலகையில் அன்றே ஒட்டிவிட வேண்டும். மருத்துவமனைத் தாழ்வாரத்துக்குரிய முதற் பொட்டலங்களும் அன்றே போய்ச் சேர வேண்டும். இவை யாவும் மாலை ஐந்து மணிக்குள் முடியும்படி நேரத்தை வகுத்தல் நலம். கதிரவன் மறையுமுன் உண்ண வேண்டியவர்கள் இச்சமூகத்தில் இன்னும் பலர் இருக்கிறார்கள், எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்காக வீட்டில் இலை போட்டுக் காத்திருப்பார்கள்.